வார்டு, ரெக்கார்டு, படிப்பு: நர்சிங் மாணவர்கள் நேரத்தைப் பங்கிட ஒரு முழு வழிகாட்டி

மற்ற கல்லூரிகளில் ஒரு வகுப்பை விட்டால் தோழியின் நோட்டை வாங்கிப் பார்த்துச் சமாளித்துவிடலாம். நர்சிங்கில் அந்த வசதி பாதிப் படிப்புக்குத்தான் உண்டு. வார்டில் நீங்கள் கேஸ் எடுத்த நோயாளி நாளை டிஸ்சார்ஜ் ஆனால் அவரைப் பற்றி நீங்கள் எழுத வேண்டிய கேஸ் ஸ்டடியும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். காலையில் டியூட்டி, மதியம் வகுப்பு, இரவில் ரெக்கார்டு (வார்டில் பார்த்ததையும் செய்ததையும் எழுதிக் கொடுக்கும் நோட்டு) என்று நாளின் பெரும்பகுதி வேறு யாரோ போட்ட அட்டவணையில்தான் ஓடுகிறது.

அதனால் "காலை 4 மணிக்கு எழுந்து படி" என்கிற பொதுவான அறிவுரைகள் இங்கே அவ்வளவாக எடுபடாது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படிப்பவரானாலும், அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவரானாலும், நேரம் போதவில்லை என்று புலம்புகிறவரின் வாரத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். படிப்பு தின்ற நேரத்தைவிட, அன்றன்றைக்கு எழுதாமல் விட்ட ரெக்கார்டும் வாங்காமல் விட்ட கையெழுத்தும் தின்ற நேரமே அதிகம். கீழே சொல்லியிருக்கும் எல்லாம் அந்தப் பாக்கியைக் குறைப்பதற்கான வழிகள்தான்.

முதல் வேலை: விடுப்புக் கணக்கு

செமஸ்டரின் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்சி. நர்சிங்கில் தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கு 80 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். எந்தக் காரணத்துக்கு லீவு போட்டாலும் லீவு லீவுதான். வார்டில் செய்யும் கிளினிக்கல் பயிற்சிக்கோ, பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும்.

60 மணி நேரப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் என்றால் 12 மணி நேரம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். அந்தப் பாடம் நாளுக்கு 2 மணி நேரம் வரும் வாரத்தில் மூன்று நாள் ஊருக்குப் போனால் பாதி தீர்ந்தது. நெல்லைப் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு யாரும் விடமாட்டார்கள். கொடை செவ்வாய், புதன் என்று வந்தால் இரண்டு நாளும் போகும், அலுப்பில் வியாழனும் போகும்.

ஆகவே அனுமதி உள்ள மணி நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். 12 மணி நேரத்தில் 4 காய்ச்சலுக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மாதங்களில் அது தேவைப்படும். 4 கொடை, கல்யாணம் போன்ற தெரிந்த நாட்களுக்கு. மிச்ச 4ஐத் தொடவே கூடாது. கிளினிக்கல் நாளில் விசேஷம் வருவது முன்பே தெரிந்தால், யாருக்கு எந்த வார்டு என்ற போஸ்டிங் பட்டியல் ஒட்டுவதற்கு முன் பயிற்சி ஆசிரியரான டியூட்டரிடம் போய்ச் சொல்லுங்கள். பட்டியல் வந்த பிறகு மாற்றித் தரச்சொன்னால் உங்களுக்குப் பதில் வேறொருவர் மாட்டுவார், அதனால் சம்மதிக்க மாட்டார்கள். விட்டுப்போன கிளினிக்கல் நேரத்தைப் பெரும்பாலும் லீவு நாளில்தான் ஈடுகட்டச் சொல்வார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்களிடம் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 7 மணி நேரம் வீதம் 49. கல்லூரியும் வார்டுமாக ஆறு நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 48. குளியல், சாப்பாடு, துணி துவைப்பு நாளுக்கு 3 வீதம் 21. வீட்டு வேலை, ஜெபம் அல்லது கோயில், போன், சும்மா பேசிக்கொண்டிருப்பது நாளுக்கு 2 வீதம் 14. வெளியூரிலிருந்து வந்துபோகிறவருக்குப் பயணம் நாளுக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் ஆறு நாளைக்கு 15. எல்லாம் கூட்டினால் 147. மிச்சம் 21 மணி நேரம். அதாவது நாளுக்கு 3.

ஹாஸ்டல்காரருக்கு அந்த 15 மணி நேரமும் கையில் நிற்க வேண்டும். நிற்பதில்லை. பாத்ரூம் வரிசை, மெஸ் வரிசை, "ஏட்டி, ரெக்கார்டு முடிச்சிட்டியா?" என்று அறைக்கு அறை நடக்கும் விசாரணை என்று அதில் பாதி கரைந்துவிடும். ஒரு வாரம் மட்டும், ஒவ்வொரு இரவும் ஐந்து நிமிடம், அன்றைய நாள் எதில் போனது என்று அரை மணி நேரக் கட்டமாக எழுதிப் பாருங்கள். அதற்கு மேல் எழுத வேண்டாம். அதுவே ஒரு ரெக்கார்டாகிவிடும்.

கிடைத்த நேரத்தை நீளத்தை வைத்துப் பிரியுங்கள். 10, 15 நிமிடத் துண்டுகளுக்கு மருந்துப் பெயர், மருத்துவச் சொற்கள், நார்மல் அளவுகள். 40 நிமிடத் துண்டுகளுக்கு அன்றைய ரெக்கார்டு. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால் அதை ரெக்கார்டுக்குக் கொடுக்காதீர்கள். அது உடலியல், நோயியல் மாதிரி உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டிய பாடங்களுக்கு. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோடு போட்டு, கலர் பேனாவில் தலைப்பு எழுதிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு ஹார்மோன் படிக்கப் பார்க்கிறார்கள்.

பஸ்ஸில் எழுதவும் முடியாது, தடித்த புத்தகத்தைத் திறக்கவும் முடியாது. உள்ளங்கை அளவு அட்டைகள் மட்டும் உதவும். அட்டையின் ஒரு பக்கம் மருந்தின் பெயர், மறுபக்கம் வகை, வேலை, கவனிக்க வேண்டிய ஒன்று. ஒரு நடைக்கு ஐந்து அட்டை போதும். செங்கோட்டைத் தடத்தில் ரயிலில் வருகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தால் அரை மணி நேர வாசிப்பு நிச்சயம். பஸ்ஸைவிட ரயில் படிப்புக்கு நல்லது. ஸ்டேஷனிலிருந்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ் பிடிக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

வார்டில் ஆறு மணி நேரம்

அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். வார்டில் நேரம் தவறினால் நோயாளிக்குப் பாதிப்பு. உங்கள் மதிப்பெண் அதற்கு அடுத்துதான்.

ஏ4 தாள் ஒன்றைக் குறுக்காக வைத்து, இடப்பக்கம் 7.30 முதல் 1.30 வரை அரை மணிக்கு ஒரு வரி போடுங்கள். மேலே கட்டில் எண்கள். பெயர் எழுத வேண்டாம். தாள் எங்காவது விழுந்தால் யாருடைய நோய் என்று வெளியே தெரியக்கூடாது. இரண்டாக மடித்துப் பையில் வையுங்கள். காலையில் டியூட்டி ஒப்படைக்கும்போது நான்கு விஷயம் மட்டும் அதில் ஏற வேண்டும்: என்ன நோய், எத்தனை மணிக்கு என்ன கொடுக்கணும், எந்த டெஸ்ட் அல்லது ஆபரேஷன் பாக்கி, எதைக் கவனிக்கணும். கேட்டதையெல்லாம் எழுதப் போனால் முக்கியமானது காதில் விழாமல் போகும்.

டியூட்டி 7.30க்கு என்றால் 7.15க்கு வார்டில் இருங்கள். ஒப்படைப்பு முடிந்ததும், உங்கள் நோயாளிகளில் சர்க்கரை நோயாளி இருந்தால் முதலில் அங்கே போய்க் கூட இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "சாப்பாடு கொடுத்தாச்சா?" ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பு போட வேண்டியது. நீங்கள் 8 மணிக்குச் சர்க்கரை பார்க்க வரும்போது, மகள் 7.40க்கே இரண்டு இட்லி கொடுத்து முடித்திருப்பார். பிறகு டாக்டரைக் கேட்டு, மறுபடி பார்த்து, எழுதி என்று அரை மணி நேரம் போகும். முந்தின நாளே "ஊசி போட்ட பிறகுதான் சாப்பாடு, நான் வந்து சொல்லுதேன் ஆச்சி" என்று சொல்லி வைத்தால் அந்த அரை மணி நேரம் மிச்சம்.

அடுத்து வைட்டல் சைன்ஸ். டெம்பரேச்சர், நாடி, சுவாசம், பி.பி. நான்கையும் பழகிய கை ஐந்து நிமிடத்தில் முடிக்கும். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடியுங்கள். நாடி ஒரு முழு நிமிடம். கையை எடுக்காமலே, அவருக்குத் தெரியாமல், அடுத்த நிமிடம் சுவாசம். பிறகு தெர்மாமீட்டர், கடைசியாக பி.பி. ஒவ்வொருவருக்கும் இடையில் கையில் கிருமிநாசினி ஹேண்ட்ரப் 20 முதல் 30 விநாடி. சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. மூன்று நோயாளிக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் தாராளம். இங்கே நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சுவாசத்தை எண்ணாமல் எல்லோருக்கும் 20 என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. நோயாளி மோசமாகும்போது பல சமயம் முதலில் மாறுவது சுவாச எண்ணிக்கைதான். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் படுக்கைக் குளியலும் விரிப்பு மாற்றுவதும் முடிய வேண்டும். தனியாகச் செய்தால் ஒருவருக்கு 30 முதல் 40 நிமிடம். இருவர் சேர்ந்தால் 20. எனவே தோழியுடன் பேசிவைத்து உங்கள் நோயாளிக்கு ஒன்று, அவர் நோயாளிக்கு ஒன்று என்று செய்யுங்கள். ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகச் செய்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும், ஆனால் இதில் முதுகு தப்பிக்கும்.

வார்டில் நேரத்தை அதிகம் தின்பது நடைதான். டிரெசிங் செய்யப் போய்ப் பாதியில் கத்தரிக்கோல் இல்லை என்று திரும்பினால் குறைந்தது மூன்று நிமிடம். கையுறையும் வீண், ஸ்டெரைல் செட்டும் வீண். டிராலியைத் தள்ளுவதற்கு முன் விரல் விட்டு எண்ணுங்கள்: டிரெசிங் செட், கையுறை, சலைன், பீட்டாடின், காஸ், பேட், பிளாஸ்டர், கத்தரிக்கோல், கிட்னி டிரே, கழிவுக்கு மஞ்சள் பை. பத்து. ஒன்று குறைந்தாலும் டிராலி நகரக்கூடாது.

டிரிப் ஓடும் நோயாளிக்கு முடியும் நேரத்தை முன்கூட்டியே போட்டுவையுங்கள். 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால்: 500 பெருக்கல் 20, வகுத்தல் 240 நிமிடம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. 15 விநாடிக்கு 10 அல்லது 11 சொட்டு விழுந்தால் சரி. 9 மணிக்குத் தொடங்கினால் 1 மணிக்கு முடியும், தாளில் 12.30 கட்டத்தில் "டிரிப் பார்" என்று எழுதிவிடுங்கள். சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை, நோயாளியுடன் இருப்பவர் தொட்டிருக்கலாம், கை மடங்கி ஓட்டம் குறைந்திருக்கலாம். அதனால் போகிற வழியில் எல்லாம் ஒரு பார்வை வேண்டும்.

எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது என்ன செய்வது? மணி 9. கட்டில் 4ல் ஆஸ்துமா நோயாளி மூச்சு வாங்குகிறது என்கிறார். 7ஆம் கட்டிலுக்கு 9 மணி ஆன்டிபயாட்டிக். கட்டில் 9ல் டிரிப் முடியப் போகிறது. 11ல் எழுந்து நடக்க முடியாத ஆச்சி, "யம்மா தாயி, ஒண்ணுக்குப் போவணும்" என்கிறார். முதலில் 4: நிமிர்த்தி உட்கார வையுங்கள், ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள், ஆக்சிஜன் அளவு பாருங்கள். மூச்சுக்கு முன்னால் எதுவும் இல்லை. அந்த இடத்தை விட்டு நகராமலே, பக்கத்தில் நிற்கும் தோழியிடம் கட்டில் 9ன் டிரிப் கிளாம்பை மூடச் சொல்லுங்கள். பத்து விநாடி வேலை. மூன்றாவதாக, ஆச்சிக்கு பெட்பேன். இதைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இரண்டு நிமிட வேலை. தள்ளினால் விரிப்பு மாற்ற 20 நிமிடம், ஆச்சி தானே இறங்கப் பார்த்து விழுந்தால் அன்றைய நாளே போயிற்று. ஆன்டிபயாட்டிக் கடைசி. குறித்த நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பின் பல மருத்துவமனைகள் அனுமதிக்கும். உங்கள் வார்டு வழக்கம் என்ன என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி எதுவானாலும் ஸ்டாஃப் அல்லது டியூட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். மருந்து எடுக்கும் அந்த இரண்டு நிமிடம் யார் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள்.

மாணவர்களுக்கே உரிய இன்னொரு தொல்லை, அனுப்பிவைப்பது. "ஏம்மா ஸ்டூடண்டு, இதை லேபில் கொடுத்துட்டு வா." மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் இப்படிச் சொல்லலாம்: "சிஸ்டர், 9 மணி ஊசிக்கு நேரமாச்சு. போட்டுட்டுப் போகட்டுமா? போகும்போது வேற சாம்பிள் இருந்தா சேர்த்துக் கொடுத்துடுதேன்." மரியாதையும் குறையாது, மூன்று நடை ஒரு நடையாகும்.

ரவுண்ட்ஸில் பின்வரிசையில் சும்மா நிற்காதீர்கள். உங்கள் நோயாளியின் முறை வரும்போது கேஸ் ஷீட்டும் லேப் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். மாற்றிய மருந்தை அங்கேயே தாளில் குறியுங்கள். ரவுண்ட்ஸ் முடிந்ததும் பழைய வரிசை செல்லாது. ஐந்து நிமிடம் நின்று மறுபடி வரிசைப்படுத்துங்கள்.

12 மணிக்கு இரண்டாவது வைட்டல் சைன்ஸ், 12.30க்கு நோயாளி உட்கொண்ட நீர், வெளியேறிய நீர் கூட்டல், 1.10க்கு ஒப்படைப்பு. சார்ட்டை மட்டும் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று வைக்காதீர்கள். செய்த இடத்திலேயே செய்த நேரத்தோடு எழுதினால் ஒன்றுக்கு ஒரு நிமிடம். முன்கூட்டி எழுதுவது அதைவிட மோசம். 1 மணி மருந்தை 12 மணிக்கே கொடுத்ததாக எழுதிவிட்டு, இடையில் டாக்டர் அதை நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ரெக்கார்டு: அன்றைக்கே, அங்கேயே

வார்டிலிருந்து திரும்பிக் குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் எழும்போது மணி 5 ஆகியிருக்கும். மதிய வகுப்பு இல்லாத நாட்களில் தூக்கத்தை 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள், அலாரத்தை எழுந்து போய்த்தான் அணைக்கும்படி தூரத்தில் வையுங்கள். அடுத்த 40 நிமிடம் அன்றைய ரெக்கார்டு. சூடு ஆறுவதற்குள் எழுதினால் 40 நிமிடத்தில் முடிவது, ஒரு வாரம் கழித்து எழுதினால் இரண்டு மணி நேரம் எடுக்கும், அதில் பாதி நேரம் "அன்னைக்கு பி.பி. எவ்வளவு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதில் போகும்.

கேஸ் ஸ்டடியை ஒரே மூச்சில் எழுதவே கூடாது. இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் வார்டிலேயே நோயாளியிடம் வரலாறும் உடல் பரிசோதனையும், ரவுண்ட்ஸ் இல்லாத 40 நிமிடத்தில். இரண்டாம் நாள் கேஸ் ஷீட்டிலிருந்து லேப் அளவுகளும் மருந்துகளும். மாலையில் மூன்று முதல் ஐந்து நர்சிங் டயக்னோசிஸ் (நோயாளிக்கு நர்ஸ் கவனிக்க வேண்டிய பிரச்சினைகள்). மூன்றாம், நான்காம் நாள் செய்த பராமரிப்பும் அதன் பலனும், நாளுக்கு 15 நிமிடம். ஐந்தாம் நாள் புக் பிக்சர் (புத்தகத்தில் உள்ளது), பேஷண்ட் பிக்சர் (உங்கள் நோயாளியிடம் கண்டது) ஒப்பீடு. ஞாயிறு மூன்று 40 நிமிடத் துண்டுகளில் ஃபேர் காப்பி.

இரண்டாம் நாள் வேலையைத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் கேஸ் ஷீட் பழைய பதிவுகளை வைக்கும் எம்.ஆர்.டி. பிரிவுக்குப் போய்விடும், மாணவர் கேட்டால் எடுத்துத் தருவது அரிது. அப்புறம் சீனியர் அக்காவின் ரெக்கார்டிலிருந்து எண்களை எடுத்து ஒட்டவைப்பார்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் "பொட்டாசியம் 2.8 என்று எழுதியிருக்கியே, என்ன செஞ்சாங்க?" என்று கேட்டதும் வாய் அடைத்துவிடும்.

ரெக்கார்டில் ஒரு மருந்தைப் பற்றி எழுதும் பக்கத்துக்கு 10 முதல் 12 நிமிடம். நாளுக்கு இரண்டு, வாரம் ஆறு நாள் என்றால் 12. 20 வார செமஸ்டரில் 240. அவ்வளவு தேவைப்படாது. பாராசிட்டமால், பான்டோபிரசோல், செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல், ஒண்டான்செட்ரான், டிரமடால், ஃப்ரூஸ்மைட், அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று வார்டில் திரும்பத் திரும்ப வருவதில் தொடங்கினால் முதல் மாதத்திலேயே பாதிக் கேஸ்களுக்கு மருந்துப் பகுதி தயார்.

செய்த செய்முறைகளைக் குறிக்கும் லாக் புக்கில் வாங்கும் கையெழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செய்முறை செய்த அன்றே, செய்ய வைத்தவரிடமே வாங்குங்கள். போஸ்டிங் மாறினால் அந்த மேடம் வேறு ஆண்டு மாணவர்களோடு வேறு இடத்தில் இருப்பார். பிரசவ வார்டில் பார்த்திருக்க வேண்டிய கேஸ் எண்ணிக்கைக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கேஸ் உங்கள் நேரத்துக்கு வராது, வந்த அன்று நீங்கள் இருக்க வேண்டும், இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மதியம், கையெழுத்து இல்லாத வரிகளைப் பென்சிலில் வட்டமிட்டுப் பாருங்கள்.

படிப்பு, அதிலும் தமிழ்வழி வந்தவர்களுக்கு

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வருகிறவருக்கு முதல் செமஸ்டரில் ஒரு பக்கம் வாசிக்க ஆங்கில வழியில் வந்தவரைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். இதைச் சோம்பல் என்று எண்ணித் தன்னையே திட்டிக்கொள்வதில் பயன் இல்லை. நேரத்தைக் கூட்டி ஒதுக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் தினமும் 30 நிமிடம் சொற்களுக்கு மட்டும். முழுச் சொல்லாக மனப்பாடம் செய்யாமல் துண்டாகப் பிடியுங்கள்: ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ குறைவு, டாக்கி வேகம், பிராடி மெதுவு, ஐட்டிஸ் அழற்சி, எக்டமி வெட்டி எடுப்பது. நாளுக்கு 10 துண்டு வீதம் 20 நாளில் 200. அதன் பிறகு புதுச் சொற்களில் பாதியை நீங்களே பிரித்துவிடுவீர்கள். வாசித்த பத்தியைத் தமிழில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் எழுதும் படியை விடக்கூடாது.

அன்று வார்டில் பார்த்த நோயையே அன்று மாலை படிப்பதைவிடச் சிக்கனமான படிப்பு இல்லை. கல்லீரல் நோயாளியின் வீங்கிய வயிற்றைக் காலையில் அளந்தவருக்கு, மாலையில் அந்தப் பாடம் பாதி நேரத்தில் ஏறும்.

தேர்வு அறையிலும் ஒரு கணக்கு உண்டு. 75 மதிப்பெண், 3 மணி நேரம் என்றால் மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம். 15 மதிப்பெண் வினா இரண்டு, 5 மதிப்பெண் ஐந்து, 2 மதிப்பெண் பத்து என்று தாள் இருந்தால்: பெரிய வினாவுக்கு 35 நிமிடம், குறிப்புக்கு 11, சிறியதற்கு 4. மொத்தம் 165. மிச்சம் 15 நிமிடம் விட்ட கேள்விகளைப் பார்க்க. முதல் கட்டுரைக்கே ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் இரண்டு மதிப்பெண் வினாக்களை விடுகிறவர்கள் தெரிந்த விடைகளிலேயே மதிப்பெண்ணை இழக்கிறார்கள். உங்கள் பாடத்தின் பழைய தாள்களை எடுத்து இதே முறையில் பங்கிட்டு, ஒரு தாளையாவது கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

நைட் டியூட்டி

முதல் இரவுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். காபி, டீ இரவு 2 மணிக்குப் பிறகு வேண்டாம். காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். 3 முதல் 5 மணி வரை கண் சொருகும் நேரம். அப்போது மருந்து அளவை இன்னொருவர் பார்க்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம். காலையில் லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலை மறைத்து, போனை அணைத்து 8.30 முதல் 1.30 வரை தூங்குங்கள். அன்று மாலை படிப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நைட் முடித்து ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற வேலை கூடவே கூடாது. பஸ்ஸில் போனால் கண்டக்டரிடம் இறங்குமிடத்தைச் சொல்லி வையுங்கள். தூங்கிப் போய் அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசத்தில் இறங்குவது நடக்கிற காரியம்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள்

வெள்ளை யூனிஃபார்மை வந்த உடனே ஊறப்போடுங்கள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், வெந்நீர் கறையை நிறுத்திவிடும். மாற்றுக்கு ஒரு செட் எப்போதும் இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கட்டும். மழைக்காலத்தில் துணி காய இரண்டு நாள் ஆகும், பஸ்ஸும் தாமதிக்கும். ஒரு பஸ் முன்னதாகக் கிளம்புங்கள். ஏப்ரல், மே மாத மதியத்தில் நெல்லை வெயிலில் உட்கார்ந்து படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், நடக்காது. அந்த நேரத்தை எழுத்துவேலைக்குக் கொடுத்துவிட்டு விடியற்காலையைப் படிப்புக்கு எடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவை நாளுக்கு இரண்டு முறை, காலை கிளம்பும் முன்னும் இரவு 8 மணிக்கும் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்றால்

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாக்கியை எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். எழுதும் வரை அது உள்ளதைவிடப் பெரிதாகத்தான் தெரியும். பிறகு மூன்றாகப் பிரியுங்கள். நோயாளி இன்னும் வார்டில் இருப்பவை முதலில். நாளைக்கு அவர் இருக்கமாட்டார். கையெழுத்துப் போட வேண்டியவர் போஸ்டிங் மாறப்போகிறவை அடுத்து. புத்தகம் பார்த்து எழுதக்கூடியவை கடைசி. எதற்கு முதலில் கெடு என்று மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், புத்தகம் பார்த்து எழுதுவது முன்னே வந்து, திரும்பக் கிடைக்காதது கைவிட்டுப் போகும்.

நாளுக்கு ஒரு பழைய பாக்கி, அதோடு அன்றைய ரெக்கார்டு. பழையதை முடிக்கிற வேகத்தில் அன்றையதை விட்டால் பட்டியல் குறையவே குறையாது. கெடு நாளுக்குள் முடியாத அளவு இருந்தால், அந்த நாள் வருவதற்கு முன்பே வகுப்பு டியூட்டரிடம் அந்தத் தாளோடு போங்கள். "மேடம், ஏழு பாக்கி இருக்கு. இந்த மூணை வெள்ளிக்கிழமைக்குள்ள தாரேன், மிச்சம் அடுத்த புதன்" என்று தேதியோடு சொல்கிறவருக்குப் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும்.

தாளில் ஏழே வரிதான் இருக்கிறது, ஆனாலும் பேனா நகரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால், அதற்கு அட்டவணை மருந்தாகாது. வீட்டிலோ நம்பிக்கையான மேடத்திடமோ சொல்லுங்கள்; அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம், இரவு பகல் எப்போதும் தமிழிலேயே பேசலாம்.